அயல் மண்ணில் ஒலித்த உக்ரைனியப் பாட்டு

முன்னுரை

ஓர் இனத்தின் நாட்டுப்புறப் பாடல், பிறந்த மண்ணை விட்டு அயல்நாடு செல்லும்போது அதற்கு என்ன நேர்கிறது? மெட்டுப் பிழைத்து மொழி மாய்வதுண்டு. மொழி பிழைத்து மெட்டு மங்குவதுண்டு. இரண்டும் பிழைத்தும் உயிர்ப்பின்றி, ஆண்டுக்கொரு முறை விழா மேடையில் மட்டும் தூசி தட்டி எடுக்கப்பெறுவதும் உண்டு. இம்மூன்றுக்கும் வேறாக நான்காவது வழியொன்றைக் கண்ட இசைக்குழுவைப் பற்றி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தோன்றிய ‘தி உக்ரைனியன்ஸ்’ என்பது அக்குழுவின் பெயர். பெயரைக் கேட்போர் அவர்கள் அனைவரும் உக்ரைன் நாட்டினர் என்றே கருதுவர். உண்மை அதுவன்று. அக்குழுவின் முதன்மைப் பாடகர் ஆங்கிலேயர். குழுவை நிறுவியவரோ உக்ரைனியத் தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்த மகன். மொழிக்கும் மனிதருக்கும் உள்ள உறவை ஆராய விரும்புவோர்க்கு இவர்களின் வரலாறு நல்லதொரு பாடமாக அமைகிறது.

மொழிக்கு விதித்த தடை

இக்குழுவின் அருமையை உணர வேண்டுமாயின், அவர்கள் பாடிய மொழி பட்ட பாட்டை முதலில் நாம் அறிதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உக்ரைனின் பெரும்பகுதி உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. உக்ரைனிய மொழி என்று தனியே ஒன்று இல்லை, அது உருசிய மொழியின் கொச்சை வழக்கே என்பது ஆட்சியாளரின் கருத்து. 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் பிறப்பித்த சுற்றறிக்கை, அம்மொழியில் சமய நூல்களும் பாட நூல்களும் அச்சேறுவதைத் தடுத்தது. 1876இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்தபோது இன்னும் கடுமையான ஆணையொன்றில் ஒப்பமிட்டார். அவ்வாணை நாடகத்தைத் தடுத்ததோடு நில்லாது, இசைக்குறிப்புகளுக்கு அடியில் உக்ரைனியச் சொற்களை அச்சிடுவதையும் தடுத்தது. மெட்டு இருக்கலாம், சொல் இருத்தலாகாது என்பதே அதன் பொருள். ஒரு மொழியை அழிக்க நினைப்போர் அதன் பாட்டைக் கண்டு எவ்வளவு அஞ்சுகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1881இல் இத்தடை ஓரளவே தளர்த்தப்பட்டது.

உக்ரைனில் பாட்டைக் காத்தவர்கள் ‘கோப்சார்’ எனப்பெறும் பாணர்கள். இவர்களுள் பெரும்பாலோர் கண்பார்வையற்றவர்கள். கோப்சா, பந்தூரா ஆகிய நரம்புக் கருவிகளை மீட்டி, ஊர் ஊராகச் சென்று ‘தூமா’ என்னும் வீரகாவியப் பாடல்களைப் பாடி வந்தனர். உக்ரைனின் தேசியக் கவிஞராகப் போற்றப்பெறும் தராஸ் ஷெவ்சென்கோ 1840இல் வெளியிட்ட தம் கவிதை நூலுக்குக் ‘கோப்சார்’ என்றே பெயரிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. சோவியத் ஆட்சியில் 1930களில் இப்பாணர் மரபு அடக்குமுறைக்கு ஆளாகிச் சிதைந்தது. அதே காலத்தில், 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் உக்ரைனைக் கவ்விய செயற்கைப் பஞ்சம் பல இலட்சம் உழவர்களைக் கொன்றது. உழவர் மடிந்தபோது அவர்தம் வாய்மொழிப் பாடல்களும் உடன் மடிந்தன.

மெட்டு மட்டும் பயணம் செய்த கதை

உக்ரைனியப் பாட்டு இதற்கு முன்பும் எல்லை கடந்ததுண்டு. கோசாக்கு வீரனொருவன் தன் காதலியிடம் விடைபெற்றுத் தான்யூபு ஆற்றுக்கு அப்பால் செல்வதைக் கூறும் பழம்பாடல் ஒன்று, ஜெர்மன் மொழியில் ‘அழகிய மின்கா’ என்று பெயர் மாறியது. அம்மெட்டைப் பேத்தோவன் எடுத்தாண்டார். வேபர் அதன்மீது பியானோ வேறுபாடுகள் இயற்றினார். ஐரோப்பிய வரவேற்பறைகளில் மெட்டு உலவியது. அதனைப் பிறப்பித்த மொழியை அங்கே எவரும் கேட்கவில்லை.

இன்னொரு சான்று உலகறிந்தது. மிக்கோலா லெயோந்தோவிச் என்னும் இசையமைப்பாளர், புத்தாண்டு வாழ்த்தாகப் பாடப்பெறும் நாட்டுப்புற மெட்டு ஒன்றைச் சேர்ந்திசையாக அமைத்தார். ‘ஷெத்ரிக்’ என்னும் அப்பாடல் 1916இல் கீவ் நகரில் அரங்கேறியது. வீட்டுக்குள் பறந்து வரும் தகைவிலான் என்னும் சிறுபறவை ஒன்று, வீட்டுத் தலைவனுக்கு வரவிருக்கும் வளத்தைக் கூறுவதே அதன் பொருள். 1919இல் ஒலெக்சாந்தர் கோஷெத்ஸின் தலைமையில் புறப்பட்ட உக்ரைனியச் சேர்ந்திசைக் குழு இதனை ஐரோப்பாவெங்கும் பாடியது. 1922இல் நியூயார்க்கின் கார்னெகி மன்றத்தில் அது ஒலித்தது. அதற்குள், 1921 சனவரியில், லெயோந்தோவிச் சோவியத் இரகசியக் காவல்துறையைச் சார்ந்த ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1936இல் பீட்டர் வில்ஹௌஸ்கி அம்மெட்டுக்கு ஆங்கிலச் சொற்கள் எழுதினார். பறவை மறைந்து, கிறிஸ்துமசு மணிகள் வந்தன. இன்று மேலைநாடுகளில் அதனைப் பாடுவோர் கோடிக்கணக்கானோர். அது உக்ரைனியப் பாட்டு என்று அறிந்தோர் அவருள் மிகச் சிலரே.

மெட்டு வென்றது, மொழி தோற்றது. இதனை வெற்றியென்பதா, இழப்பென்பதா என்னும் வினாவை மனத்திற் கொண்டு நாம் லீட்ஸ் நகருக்குச் செல்வோம்.

புலம்பெயர்ந்தோரும் அவர்தம் மக்களும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ஐரோப்பாவின் அகதி முகாம்களில் உக்ரைனியர் பெருந்தொகையினராய் இருந்தனர். நாடு திரும்பினால் சோவியத் அரசின் தண்டனைக்கு ஆளாக நேரும் என்று அவர்கள் அஞ்சினர். போரினால் தொழிலாளர் பற்றாக்குறைக்கு உள்ளாகியிருந்த பிரிட்டன், இம்மக்களை ஐரோப்பியத் தன்விருப்பத் தொழிலாளர் என்னும் பெயரில் வரவழைத்தது. போர்க் கைதிகளாக இருந்தோரும் 1947இல் கொண்டுவரப்பெற்றனர். பிராட்ஃபோர்டு, லீட்ஸ், ஓல்டம், ராச்டேல் முதலிய ஆலை நகரங்களில் நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் அவர்கள் வேலை பார்த்தனர். 1946இல் தொடங்கப்பெற்ற பிரிட்டன் உக்ரைனியர் சங்கம் பல ஊர்களில் மன்றங்களை அமைத்தது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு, பாட்டு, நடனம் ஆகியவை அங்கே நடைபெற்றன.

இவ்வாறு வளர்ந்த பிள்ளைகளின் நிலை இரங்கத்தக்கது. வீட்டிலும் மன்றத்திலும் ஒரு மொழி, பள்ளியிலும் தெருவிலும் வேறொரு மொழி. தந்தையின் பாட்டு தந்தையின் துயரத்துக்கு உரியது. தனயன் கேட்க விரும்பியதோ வானொலியில் வந்த ராக் இசை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அவற்றைப் பேச வைத்தவர்களுள் ஒருவர் பீட்டர் சொலோவ்கா.

வானொலியில் விளைந்த புதுமை

1985இல் லீட்ஸில் ‘தி வெடிங் பிரசன்ட்’ என்னும் ராக் இசைக்குழு தொடங்கியது. டேவிட் கெட்ஜ் அதன் தலைவர், சொலோவ்கா அதன் கிதார்க் கலைஞர். மூச்சுவிட இடமின்றி மிக விரைவாகக் கிதார்த் தந்திகளை மீட்டுவது இக்குழுவின் தனித்தன்மை. அந்நாளில் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் என்னும் தொகுப்பாளர் பெரும்புகழ் பெற்றிருந்தார். அறியப்படாத குழுக்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சில பாடல்களை இசைக்கச் செய்து தம் நிகழ்ச்சியில் ஒலிபரப்புவது அவர் வழக்கம்.

‘தி வெடிங் பிரசன்ட்’ குழு அந்நிகழ்ச்சியில் 1987க்கும் 1989க்கும் இடையே மூன்று முறை, தம் வழக்கமான ஆங்கிலப் பாடல்களை விடுத்து உக்ரைனிய நாட்டுப்புறப் பாடல்களையே இசைத்தது. இதற்கென இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் மாண்டலின் இசைத்த ரோமன் ரெமெய்ன்ஸ். மற்றவர் லென் லிகின்ஸ். இவர் ஆங்கிலேயர், ஸ்லாவிய மொழிப் பயிற்சி உடையவர், வயலின் இசைப்பவர். உக்ரைனிய மொழியில் பாடும் பொறுப்பு இவருடையதாயிற்று.

இப்பாடல்கள் 1989இல் இசைத்தட்டாக வெளிவந்து, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 22ஆம் இடத்தை எட்டின. தட்டின் தலைப்பு உக்ரைனிய மொழியிலேயே இருந்தது. ‘இவான் பீலிடத்தில் உக்ரைனிய நிகழ்ச்சிகள்’ என்பது அதன் பொருள். ஜான் என்பார் இவான் ஆகிவிட்டார். அரபியில் யஹ்யா என்றும், தமிழில் யோவான் என்றும் வழங்கும் அதே பெயர்தான் அது. அழைத்தவரின் பெயரையே தம் மொழிக்கு மாற்றிய அச்சிறு செயலில், விருந்தாளி வீட்டுக்காரராக மாறிய மிடுக்கை நாம் காண்கிறோம். ஒரு சொல்லும் விளங்காத ஆங்கில இளைஞர் பல்லாயிரவர் அப்பாடல்களை விரும்பி வாங்கினர்.

அதே 1989ஆம் ஆண்டில் உக்ரைனில் நிகழ்ந்ததையும் இதனோடு வைத்து எண்ண வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் செர்னிவ்த்ஸி நகரில் ‘செர்வோனா ரூத்தா’ என்னும் பாட்டுவிழா முதன்முறையாக நடைபெற்று, இளைஞரிடையே உக்ரைனிய மொழிப் பாடலுக்குப் புதுவாழ்வு அளித்தது. அக்டோபரில் உக்ரைனிய மொழி அக்குடியரசின் ஆட்சிமொழியாகச் சட்டமாக்கப்பெற்றது. இரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று அறிந்து நிகழ்ந்தவையல்ல. ஆயினும் தாய்மண்ணிலும் அயல்மண்ணிலும் ஒரே பருவத்தில் ஒரே பயிர் முளைத்தது எனலாம்.

பாட்டின் இலக்கணம்

நாட்டுப்புற மெட்டுக்கும் ராக் இசைக்கும் இப்பொருத்தம் எவ்வாறு வாய்த்தது? இதற்குரிய விடை அப்பாடல்களின் யாப்பிலும் பண்ணிலும் உள்ளது.

கார்ப்பாத்திய மலைப்பகுதியில் கொலொமியா என்னும் ஊரின் பெயரால் வழங்கும் ‘கொலொமீக்கா’ ஒரு பாட்டு வகை, நடன வகையுமாம். இதன் ஒவ்வோர் அடியும் பதினான்கு அசைகள் கொண்டது. முதலில் எட்டு, பின்னர் ஆறு என அவ்வடி இரு கூறாகப் பிரியும். கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணிப் பாடும் முறைமையை அறிந்த நமக்கு இக்கட்டுப்பாடு புதிதன்று. ஷெவ்சென்கோவும் இவ்யாப்பினைத் தம் கவிதைகளில் மிகுதியாகக் கையாண்டார். அடி இவ்வாறு அளவொத்து அமைவதால் தாளம் இரண்டிரண்டாகச் சீராக ஓடும். ராக் இசையின் டிரம்ஸ் ஒலிக்கு இது இயல்பாகவே இடங்கொடுக்கிறது.

‘தூம்கா’ என்பது மற்றொரு வகை. ஆழ்ந்த துயரோடு மெல்லத் தொடங்கி, திடீரென விரைந்து ஆடும் இயல்பினது. செக் நாட்டு இசைமேதை துவோர்ஷாக் இதனைத் தம் இசையில் பயன்படுத்தினார். துயரமும் களிப்பும் அடுத்தடுத்து வரும் இவ்வமைப்பு, ராக் மேடைக்கு வேண்டிய ஏற்ற இறக்கத்தைத் தானே வழங்கிவிடுகிறது.

பண்ணைப் பொறுத்தவரை, ஹுத்சூல் எனப்படும் மலைமக்களின் இசையில் ஓர் அளவுகோல் சிறப்பாக வழங்குகிறது. மேற்கத்திய இசைநூலார் அதனை நான்காம் சுரம் உயர்ந்த டோரியன் என்பர். கருநாடக இசையில் 58ஆம் மேளகர்த்தாவாகிய ஹேமவதியின் சுரங்களும் இவையே. சாதாரண காந்தாரத்திலிருந்து பிரதி மத்திமத்துக்கு ஏறும் அந்த அகன்ற இடைவெளியே இப்பாடல்களுக்கு ஏக்கத்தின் சாயலைத் தருகிறது. பாடற்பொருள் விளங்காதவர்க்கும் அவ்வேக்கம் விளங்கிவிடுகிறது.

இனிக் கருவிகள். மேற்கு உக்ரைனின் ஊர் இசைக்குழுவில் வயலின், சிம்பலி, புபோன் ஆகிய மூன்றும் முதன்மையானவை. சிம்பலி என்பது சிறு கோல்களால் தட்டி இசைக்கும் பலநரம்புக் கருவி, சந்தூரின் இனத்தது. புபோன் ஒருவகைத் தப்பு. தென்னக மேடைகளில் நாம் காணும் மோர்சிங்கும் அம்மலைகளில் ‘திரிம்பா’ என்னும் பெயரில் உண்டு. லீட்ஸ் குழுவினர் வயலினை அப்படியே வைத்துக்கொண்டனர். சிம்பலியின் அதிரும் ஒலிக்கு மாற்றாக மாண்டலின் நின்றது. அக்கார்டியன் பின்னணியை நிரப்பியது. புபோனின் இடத்தை டிரம்ஸ் ஏற்றது. ஆகவே இங்கே நிகழ்ந்தது கலப்படமன்று. பழைய கருவிகளின் பணியைப் புதிய கருவிகள் ஏற்றுக்கொண்டன என்பதே உண்மை.

தனிக்குழுவாதல்

1991இல் சொலோவ்கா பழைய குழுவிலிருந்து நீங்கினார். அவரும் லிகின்ஸும் ரெமெய்ன்ஸும் சேர்ந்து நடத்திய ‘தி உக்ரைனியன்ஸ்’ குழுவின் முதல் இசைத்தொகுப்பு அவ்வாண்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உக்ரைன் விடுதலை அறிவித்தது. டிசம்பர் முதல் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அதனை ஏற்றனர். 1993இல் ‘வொரோனி’, 1994இல் ‘குல்தூரா’ ஆகிய தொகுப்புகள் தொடர்ந்தன. பழம்பாடல்களைப் பாடுவதோடு அமையாது, அம்மரபில் புதிய பாடல்களையும் உக்ரைனிய மொழியிலேயே இயற்றினர். பின்னர் உக்ரைனுக்கே சென்றும் இசைத்தனர். 2009இல் வெளியிட்ட தொகுப்பொன்றுக்கு அவர்கள் ‘டயஸ்போரா’ என்று பெயரிட்டனர். புலம்பெயர்ந்தோர் கூட்டம் என்பது அதன் பொருள்.

மொழிபெயர்ப்பு என்னும் உரிமை

இக்குழுவின் செயல்களுள் நம்மை மிகவும் கவர்வது, 1992இல் ‘தி ஸ்மித்ஸ்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலக் குழுவின் பாடல்கள் நான்கினை உக்ரைனிய மொழியில் பாடி வெளியிட்டதாகும். அதில் ஒரு பாடலின் ஆங்கிலத் தலைப்பு, வாயடங்காத ஒருவனைக் குறிப்பது. அதற்கு இவர்கள் ‘பத்யார்’ என்று தலைப்பிட்டனர். லிவிவ் நகரத் தெருக்களில் திரிந்த குறும்புக்கார இளைஞனைக் குறிக்கும் வட்டார வழக்குச் சொல் அது. அகராதியில் தேடி எடுத்த சொல்லன்று, தெருவிலிருந்து எடுத்த சொல். அரசி இறந்துவிட்டாள் என்னும் மற்றொரு தலைப்பு, ‘அரசி இறக்கவில்லை’ என்று நேர்மாறாகத் திரிந்தது. உக்ரைனின் நாட்டுப்பண் அந்நாட்டின் புகழும் விடுதலையும் இன்னும் அழியவில்லை என்று தொடங்குவது. அதனை அறிந்த செவிக்கு இத்தலைப்பு வேறோர் எதிரொலியையும் எழுப்பும் என்று நமக்குத் தோன்றுகிறது.

முன்னர்க் கூறிய ‘ஷெத்ரிக்’ வரலாற்றின் மறுதலை இது. அங்கே உக்ரைனிய மெட்டு ஆங்கிலச் சொல்லை உடுத்தது. இங்கே ஆங்கில மெட்டு உக்ரைனியச் சொல்லை உடுத்தது. அச்சிலேறவும் தகாதது என்று பேரரசு தள்ளிய மொழியில், தற்காலத்தின் எப்பொருளையும் பாடலாம் என்று நிறுவியமையே இதன் பயன். இவ்வழியில் அவர்களுக்கு முன்னோர் இல்லாமலில்லை. 1965இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ‘டி-டிரிஃப்டர்ஸ்’ என்னும் குழு பீட்டில்ஸ் பாடல்களை உக்ரைனிய மொழியில் பாடி இசைத்தட்டு வெளியிட்டது. 1891 முதல் கனடாவில் குடியேறிய உழவர்களின் வழிவந்தோர் அவர்கள். 2015இல் ‘தி உக்ரைனியன்ஸ்’ குழுவும் ராக் இசையின் வரலாற்றையே உக்ரைனிய மொழியில் சொல்வதாக ஒரு தொகுப்பை வெளியிட்டது.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறு செய்தல் மரபைக் கெடுப்பதாகாதா என்று வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. விரைவு மிகும்போது சொல்லின் நயம் மறைகிறது. அரங்கில் குதித்தாடும் இளைஞன் அப்பாட்டில் உள்ள பிரிவின் துயரை உணர்வதில்லை. இவை மெய்யான குறைகளே.

ஆயினும் தூய்மை என்னும் பெயரால் செய்யப்பட்டதையும் நாம் நோக்க வேண்டும். சோவியத் அரசு நாட்டுப்புறக் கலையைத் தடைசெய்யவில்லை. பூவேலை செய்த சட்டைகளை உடுத்தி, பெரும் மேடைகளில், திருத்தமாகப் பயின்று ஆடும் அரசுக் குழுக்களை அது வளர்த்தது. கண்ணுக்கு இனிய அக்காட்சியில் இல்லாதது ஒன்றுதான்: அன்றாட வாழ்வோடு தொடர்பு. நகரத்து இளைஞன் தன் காலத்தைத் தன் மொழியில் பாடும் இடம் குறுகிப் போயிற்று. மாறுதல் ஒரு மரபைக் கொல்வதினும், மாற்றமின்மை அதனைக் கொல்வதே மிகுதி. லீட்ஸ் குழுவினர் உடையை மாற்றினர், மொழியை மாற்றவில்லை. இழந்தால் மீளப்பெற இயலாதது எது என்பதை அவர்கள் சரியாகவே கணித்தனர்.

அண்மைக் காலம்

இவ்வழி பின்னர்ப் பலராலும் பின்பற்றப்பெற்றது. 2004இல் கீவில் தோன்றிய ‘தாகாபிராகா’ குழு நாட்டுப்புறப் பாடல்களைப் பல நாட்டுத் தாளங்களோடு இணைத்து உலகெங்கும் இசைத்து வருகிறது. 2016இல் கிரிமியத் தாத்தாரியராகிய ஜமாலா ‘1944’ என்னும் பாடலுக்காக யூரோவிஷன் போட்டியில் வென்றார். அவ்வாண்டு மே மாதத்தில் ஸ்டாலின் அரசு கிரிமியாவின் முஸ்லிம் மக்களாகிய தாத்தாரியர் அனைவரையும் சில நாட்களுக்குள் நடு ஆசியாவுக்கு நாடுகடத்திய கொடுமையே அப்பாடலின் பொருள். அதன் பல்லவி தாத்தாரிய மொழியிலேயே அமைந்தது.

2022 பிப்ரவரியில் உருசியா முழு அளவில் படையெடுத்தபின், ஆந்திரி கிளிவ்னியூக் என்னும் பாடகர் கீவின் சோபியா சதுக்கத்தில் நின்று, துணைக்கருவி ஏதுமின்றி, 1914ஆம் ஆண்டுக் காலத்துப் போர்வீரர் பாடலொன்றைப் பாடினார். ‘பிங்க் ஃபிளாய்டு’ குழு அக்குரலை அப்படியே எடுத்து, தம் கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்து, ஏப்ரலில் வெளியிட்டது. சொல் ஒன்றும் மாற்றப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு லீட்ஸ் இளைஞர் வானொலியில் கண்ட முறை அதுவே அன்றோ! 2022இல் ‘கலூஷ்’ குழு யூரோவிஷனில் வென்றதும், போரின் காரணமாக 2023இன் போட்டி உக்ரைனுக்காக இங்கிலாந்தின் லிவர்பூலில் நடத்தப்பெற்றதும் இவ்வரலாற்றுக்கு இயைந்த தொடர்ச்சியாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பாட்டு ஒரு மொழியின் கடைசி அரண். அதனாலேயே ஆட்சியாளர் அதனை முதலில் தாக்குகின்றனர். இரண்டு, மெட்டு மட்டும் பிழைப்பது பாட்டுப் பிழைத்ததாகாது. மூன்று, ஒரு மொழி அம்மொழியினர்க்கு மட்டுமே உடைமையன்று. அதனை அன்போடு கற்பவர்க்கும் உரியது. லென் லிகின்ஸ் என்னும் ஆங்கிலேயர் உக்ரைனிய மொழியில் பாடப் புகுந்தபோது அம்மொழிக்கு அவர் அயலாராக நிற்கவில்லை.

தந்தையின் மொழியைப் பாதியளவே பெற்ற பிள்ளை, மீதிப் பாதியை இழந்துவிட்டதாகக் கருதித் தலைகுனிய வேண்டியதில்லை. உள்ளதை எடுத்துப் பாடத் தொடங்கினால், இல்லாததும் ஒவ்வொரு சொல்லாக வந்து சேரும். ஆலை நகரத்து உக்ரைனியப் பிள்ளைகள் கிதாரோடு நின்று உலகுக்குக் கற்பித்த பாடம் இதுவே.